வால்டர் வைட்டுக்கு சால்ட் அனாலிசிஸ்

கொடுத்த உப்பு என்ன என்று சோதனை செய்து கண்டுபிடிக்கும் சால்ட் அனாலிசிஸ் பிராக்டிகல் வகுப்பில் நான் அதிகம் திட்டுவது ஒரே தப்புக்குத்தான். பையன் உள்ளே வந்ததும் உப்பின் நிறத்தைப் பார்ப்பான். முந்தின பேட்சில் முடித்துவிட்டுப் போகிறவனிடம் “ஆறாம் நம்பர் என்னடா” என்று கண்ணாலேயே கேட்பான். அவன் உதடு “லெட் நைட்ரேட்” என்று அசையும். அவ்வளவுதான், வேலை முடிந்தது. அப்சர்வேஷன் நோட்டில் இன்ஃபரென்ஸ் பத்தியை முதலில் நிரப்பிவிட்டு, அதற்குத் தோதாக அப்சர்வேஷனை எழுதுவான். டெஸ்ட் டியூப் நனைந்தே இருக்காது. விடை சரியாக இருக்கும், ஆனால் பையன் எதையும் பார்த்திருக்க மாட்டான்.

‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்தவர்களிடம் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வருகிறது. என் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அந்தத் தொடரில் போதைமருந்து காய்ச்சும் கெமிஸ்ட்ரி வாத்தியார் வால்டர் வைட்டின் தொப்பியும் கண்ணாடியும் போட்ட டீ-ஷர்ட் வைத்திருக்கிறான். “அவர் ஹீரோம்மா, சூழ்நிலைதான் அப்படி” என்பான். எங்கள் பள்ளியில் பிசிக்ஸ் எடுக்கும் தோழி நாலு எபிசோட் பார்த்துவிட்டு நிறுத்தியவள். “வாத்தியார் வேலை பார்த்துக்கிட்டு போதைமருந்து காய்ச்சறவனுக்கு என்னடி ஹீரோ பட்டம்” என்பாள். இரண்டு பேரும் டெஸ்ட் டியூபை நனைக்காதவர்கள்.

நான் இந்தத் தொடரை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை எல்லோரையும் போல ராத்திரி ஒன்றரை மணி வரை, கண் எரிய எரிய. இரண்டாம் தடவை ஒரு மே மாத லீவில், நாற்பது பக்க நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து. அந்த இரண்டாம் தடவை என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு எந்தத் தொடரில் வரும் கோணல் மனிதருக்கும் இதே முறை ஒத்துவரும். கதை முழுவதையும் சொல்லிவிடுவேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். அமெரிக்காவின் ஏ.எம்.சி. சேனலில் 2008 ஜனவரியில் தொடங்கி 2013 செப்டம்பரில் முடிந்தது. ஐந்து சீசன், 62 எபிசோட். ஒரு லீவுக்குச் சரியாக இருக்கும்.

முதலில் சொல்லைப் பிரியுங்கள்

“ஹீரோவா வில்லனா” என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இது யாருடைய கதை என்பது ஒன்று. இந்த ஆள் நல்லவனா என்பது இன்னொன்று. போஸ்டரில் பெரிதாக நிற்பவனே ஏழைக்கு உதவுவான், தங்கைக்குக் கல்யாணம் செய்து வைப்பான் என்று நம் சினிமா இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்து நம்மைப் பழக்கிவிட்டது. பழைய தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. மருதத்திணைப் பாட்டில் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்து வாசலில் அசடு வழிய நிற்பவனுக்குப் பெயரும் ‘தலைவன்’தான். தோழி அவனை வாங்கு வாங்கு என்று வாங்குவாள். அவன் யோக்கியதைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் ‘கதைத் தலைவனா?’ என்று எழுதி ‘ஆம்’ போட்டுவிடுங்கள். வால்டருக்கு இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். மீதிப் பக்கமெல்லாம் இரண்டாவது கேள்விக்கு.

நோட்டு போடும் முறை

பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். சொன்னது, செய்தது, யார் தலையில் விடிந்தது. இன்ஃபரென்ஸுக்குப் பத்தியே வேண்டாம். அது கடைசிப் பக்கத்தில்தான், பேனாவில்தான்.

62 எபிசோடையும் எழுத உட்காராதீர்கள், நான் ஆறாவதிலேயே கை வலித்து விட்டுவிட்டேன். ஒரு ஆள் ‘இதைச் செய்யலாம், அதையும் செய்யலாம்’ என்று நிற்கும் இடங்களை மட்டும் எழுதினால் போதும். வில்லன்களை அவர் புத்தியால் மடக்கும் இடங்கள் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் நோட்டுக்கு உபயோகம் இல்லை. புத்திசாலித்தனம் ஹீரோவுக்கும் உண்டு, வில்லனுக்கும் உண்டு.

உதாரணத்துக்கு முதல் சீசனின் மூன்றாம் எபிசோட். ஆல்புகர்க்கி நகரத்தில் ஒரு வீட்டின் அடித்தளத்தில், கிரேஸி எய்ட் என்ற போதை வியாபாரியை கழுத்தில் சைக்கிள் பூட்டு போட்டுத் தூணில் கட்டி வைத்திருக்கிறார்கள். வால்டர் என்ன செய்கிறார் தெரியுமா? நம்மைப் போலவே ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பத்தி எழுதுகிறார்! ‘உயிரோடு விடலாம்’ பக்கத்தில் வரிசையாகக் காரணங்கள்: அதுதான் தர்மம், நீ கொலைகாரன் இல்லை, உன்னால் உன்னோடு வாழ முடியாது. ‘கொல்லலாம்’ பக்கத்தில் ஒரே வரி: விட்டால் உன் குடும்பத்தையே தீர்த்துவிடுவான்.

அவனுக்கு சாண்ட்விச் கொண்டுவந்து கொடுக்கிறார், பேசுகிறார், மனசு இளகி சாவி எடுக்கப் போகிறார். குப்பையில் கிடந்த உடைந்த தட்டைப் பொருத்திப் பார்த்தால் ஒரு சில்லு குறைகிறது. அவன் அதைக் கத்தியாக ஒளித்து வைத்திருக்கிறான். அப்புறம்தான் கொல்கிறார், மன்னிப்பு கேட்டுக்கொண்டே. என் நோட்டில் இது இப்படி இருக்கிறது. சொன்னது: குடும்பத்துக்காக. செய்தது: கொலை. யார் தலையில்: தன்னைக் குத்தக் காத்திருந்தவன் தலையில்.

இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வரவும் கூடாது. வெள்ளை நிற உப்பு என்று எழுதுவதைப் போலத்தான் இது, பாதி உப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். என் மகன் இந்த இடத்தில்தான் “பார்த்தியா, வேற வழியே இல்ல” என்று துள்ளினான். “எழுதுடா, எழுதிட்டு அடுத்ததுக்குப் போ” என்றேன்.

திறந்திருந்த கதவு எது என்று தேடுங்கள்

‘வேறு வழி இல்லை’ என்பது பரிசோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு வாக்கியம். வேறு வழி இருந்ததா என்று தேடினால் கிடைத்துவிடும், அல்லது கிடைக்காது. அந்தத் தேடலைத் தனியாக ஒரு பக்கத்தில் செய்யுங்கள்.

வால்டரின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வயது, பள்ளியில் வேதியியல் ஆசிரியர், சாயங்காலம் கார் கழுவும் இடத்தில் இரண்டாவது வேலை. மனைவி ஸ்கைலர் கர்ப்பமாக இருக்கிறாள். மூத்த மகனுக்கு மூளை முடக்குவாதம். அறுவை சிகிச்சை செய்ய முடியாத நுரையீரல் புற்றுநோய். இதுவரை கதவு எல்லாம் சாத்தித்தான் இருக்கிறது.

ஐந்தாவது எபிசோடுக்கு வாருங்கள். பழைய நண்பன் எலியட்டின் பிறந்தநாள். எலியட்டும் வால்டரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் ‘கிரே மேட்டர்’. வால்டர் தன் பங்கை 5,000 டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறியவர். இப்போது எலியட் வேலை தருகிறேன் என்கிறான், நல்ல மருத்துவக் காப்பீடும் உண்டு என்று குறிப்பாகச் சொல்கிறான். ஸ்கைலர் நோயைப் பற்றிச் சொல்லிவிட்டாள் என்று வால்டருக்குப் புரிகிறது. முகம் இறுகிப் போய் வெளியேறுகிறார். பிறகு எலியட்டின் மனைவி கிரெட்சன் போன் செய்து செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்கிறாள். அதையும் மறுக்கிறார். மறுத்துவிட்டு, பழைய மாணவனும் கூட்டாளியுமான ஜெஸ்ஸி பிங்க்மேன் வீட்டு வாசலில் போய் நின்று, மறுபடி காய்ச்சலாமா என்று கேட்கிறார். அப்புறம் மனைவியிடம் எலியட் தம்பதிதான் செலவு செய்கிறார்கள் என்று பொய்யும் சொல்கிறார்.

இந்தப் பொய்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கதவு இருப்பது அவருக்குத் தெரியும். அந்தக் கதவு வழியாகப் போனதாக வீட்டில் சொல்லவும் செய்கிறார், போகத்தான் இல்லை. ஏன் போகவில்லை? அங்கே போனால் எலியட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். காசு வேண்டும், ஆனால் அந்தக் கையிலிருந்து வேண்டாம். இதைக் கௌரவம் என்று சொல்லலாம், எனக்கும் அது புரிகிறது. ஆனால் ‘குடும்பத்துக்காக’ என்று சொன்ன வாய்க்கு, குடும்பத்தின் பெயரால் இதை மறுக்க உரிமை இல்லை.

வகுத்துப் பாருங்கள்

எண் கிடைக்கும் இடத்தில் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். வசனம் வழுக்கும், எண் வழுக்காது. இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில் வால்டர் தானே கணக்குப் போடுகிறார். இரண்டு பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு 3,60,000 டாலர். வீட்டுக் கடன்கள் எல்லாம் சேர்த்து 1,37,000. பத்து வருஷக் குடும்பச் செலவு, மாதம் 2,000 வீதம், 2,40,000. மொத்தம் 7,37,000 டாலர். அது சேர்ந்துவிட்டால் போதும். அந்த எபிசோடின் தலைப்பே ‘செவன் தர்ட்டி-செவன்’தான்.

ஐந்தாம் சீசனில் ஸ்கைலர் அவரை ஒரு வாடகை கிடங்குக்குக் கூட்டிப் போய், கட்டில் மாதிரி அடுக்கி வைத்த பணத்தைக் காட்டி, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறாள். கடைசியில் பீப்பாய்களில் புதைக்கும்போது அது எட்டு கோடி டாலர். 8,00,00,000-ஐ 7,37,000-ஆல் வகுத்துப் பாருங்கள். 108-ம் சொச்சமும் வரும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற எண்ணிக்கை! நான் வேண்டுமென்றே இழுத்து வைத்த எண் இல்லை, கால்குலேட்டரில் போட்டுவிட்டு நானே சிரித்துவிட்டேன்.

நடுவில் ஒரு தடவை ஜெஸ்ஸி விட்டுவிடலாம் என்று கெஞ்சும்போது, கிரே மேட்டரின் இன்றைய மதிப்பு 216 கோடி டாலர் என்று வால்டர் சொல்கிறார். அது போன வெள்ளிக்கிழமை நிலவரமாம். தான் விற்றுவிட்டு வந்த கம்பெனியின் மதிப்பை ஒரு மனுஷர் வாராவாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவர் நிரப்பிக்கொண்டிருந்த பள்ளம் 7,37,000 டாலர் ஆழம் இல்லை.

நீலக் கண்ணாடி

சுவாலைச் சோதனை செய்தவர்களுக்கு இது தெரியும். சோடியம் கொஞ்சம் கலந்திருந்தாலும் போதும், சுவாலை முழுக்கத் தங்க மஞ்சளாகப் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் பொட்டாசியத்தின் வெளிர் ஊதா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் கோபால்ட் நீலக் கண்ணாடி. அதை வைத்துப் பார்த்தால் மஞ்சள் அடங்கும், ஊதா தெரியும். (முதல் எபிசோடில் வால்டர் வகுப்பில் சுவாலை மேல் எதையோ தெளித்துத் தெளித்து நிறம் மாற்றிக் காட்டுவார். ஒரு பிள்ளையும் கவனிக்காது. எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடைத்தது.)

தொடரில் அந்த மஞ்சள், கேமரா. எப்போதும் வால்டர் பக்கத்திலேயே நிற்கிறது. அவர் மூச்சு வாங்கினால் நாமும் வாங்குகிறோம். போலீஸ் கதவைத் தட்டினால் நாமும் ஒளிகிறோம். அவருடைய சகலை ஹாங்க் போதைத் தடுப்பு அதிகாரி, தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர், ஆனால் அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று நாம் பதறுகிறோம். இதில் நம் மேல் தப்பில்லை, கதை சொல்லும் முறை அது. ஆனால் நோட்டு எழுதும்போது மட்டும் நீலக் கண்ணாடியைக் கண்ணில் வையுங்கள். அந்தக் காட்சியில் அடிபடுகிறவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து மறுபடி பாருங்கள்.

இரண்டாம் சீசனில் ஜேன் சாகும் காட்சியை நான் நாலு தடவை பார்த்தேன். ஜேன், ஜெஸ்ஸியின் காதலி. ஜெஸ்ஸிக்குச் சேர வேண்டிய 4,80,000 டாலரைக் கொடுக்காவிட்டால் காட்டிக் கொடுப்பேன் என்று வால்டரை மிரட்டியவள். ராத்திரி வால்டர் வருகிறார். இருவரும் ஹெராயின் மயக்கத்தில் கிடக்கிறார்கள். ஜெஸ்ஸியை எழுப்ப உலுக்குகிறார், அந்த உலுக்கலில் ஜேன் மல்லாந்து புரள்கிறாள். வாந்தி எடுக்கிறாள், மூச்சு அடைக்கிறது. வால்டர் பாய்ந்து அவள் பக்கம் போகிறார். போய், நிற்கிறார். கை பாதியில் நிற்கிறது. அழுகிறார். அவள் அடங்கும்வரை நிற்கிறார்.

முதல் தடவை நான் பார்த்தது அந்தக் கண்ணீரை. ஐயோ பாவம், மனுஷர் எப்படித் துடிக்கிறார் என்றுகூட நினைத்தேன். நீலக் கண்ணாடி வைத்து ஜேனின் அப்பாவின் நாற்காலியிலிருந்து பார்த்தேன். அந்த அப்பா டொனால்டும் வால்டரும் அதே ராத்திரி ஒரு மதுக்கடையில் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல். பிள்ளைகளைக் கைவிட்டுவிடக் கூடாது என்று சொன்னவர் டொனால்ட். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வால்டர் ஜெஸ்ஸியைத் தேடிப் போனார். போய், அந்தப் பேச்சைச் சொன்னவரின் பெண் சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதோடு முடியவில்லை. டொனால்ட் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர். துக்கத்தோடு வேலைக்குத் திரும்புகிறார், கவனம் சிதறுகிறது, வானத்தில் இரண்டு விமானங்கள் மோதி 167 பேர் சாகிறார்கள். அந்த 167-ஐ வால்டர் கணக்கில் முழுசாக எழுதலாமா என்று எனக்கும் மகனுக்கும் இரண்டு நாள் சண்டை. அவர் விமானத்தை இடிக்கவில்லை, உண்மைதான். கடைசியில் நான் எழுதவில்லை. பதிலாக அடுத்த காட்சியை எழுதினேன். மூன்றாம் சீசன் தொடக்கத்தில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கிறார்கள். வால்டர் மைக்கைப் பிடித்து, இது உலக விமான விபத்துகளில் ஐம்பதாவது இடத்தில்தான் இருக்கிறது என்கிறார். 1977-இல் டெனெரீஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததை எடுத்துக்காட்டுகிறார். எண்ணெல்லாம் சரி. நான் எத்தனையோ இரங்கல் கூட்டத்தில் வரிசையில் நின்றிருக்கிறேன், எங்கள் பள்ளியில் இப்படி ஒருவர் பேசியிருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பேன். தெரியாமல் நடந்ததற்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. தெரிந்த பிறகு அவர் அதை எப்படிச் சுருக்குகிறார் என்பதை எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் டெஸ்ட் டியூபைக் கழுவினீர்களா?

முந்தின உப்பு ஒட்டியிருக்கும் குழாயில் சோதனை செய்தால் விடை அந்த உப்பைத்தான் காட்டும். என் குழாயில் ஒட்டியிருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போதைய பள்ளிக்கு வருமுன் நான் வேலை பார்த்த ஒரு தனியார் பள்ளியில், கையெழுத்துப் போட்ட சம்பளம் ஒன்று, கையில் வந்தது வேறு. ஒரு மே மாதம் தம்பியின் பாத்திரக் கடையில் பில் போட உட்கார்ந்தேன். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி அம்மாவோடு குக்கர் வாங்க வந்தாள். “மிஸ், நீங்களா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், நல்ல பெண். அந்த இரண்டு வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே முதல் எபிசோடில் வால்டர் மண்டி போட்டுக் கழுவிக்கொண்டிருக்கும் காரின் சொந்தக்காரன் அவருடைய மாணவன் என்று தெரிந்த நொடியில் நான் அவர் கட்சிக்குப் போய்விட்டேன். துணிக்கடையில் மகனைக் கேலி செய்தவனை அவர் மிதித்தபோது சோபாவில் எழுந்து உட்கார்ந்தேன். போதாக்குறைக்கு அவர் கெமிஸ்ட்ரி பேசுகிறார். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை பிளாஸ்டிக் தொட்டியில்தான் ஊற்ற வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்காமல் ஜெஸ்ஸி குளியல் தொட்டியில் ஊற்றி, தளமே இடிந்து விழும்போது, ‘வாத்தியார் சொன்னதைக் கேட்டியாடா’ என்று எனக்கு ஒரு குதூகலம். (மெர்க்குரி ஃபல்மினேட் என்ற வெடிபொருளை வால்டர் அவ்வளவு பெரிய கட்டியாகப் பையில் போட்டுக்கொண்டு நடந்தது மட்டும் சுத்த ரீல். நிஜத்தில் படியேறுமுன்பே அவர் போயிருப்பார்.)

இந்தப் பாசமெல்லாம் தப்பு என்று சொல்லவில்லை. நோட்டின் ஓரத்தில் ‘இந்த ஆளை எனக்கு ஏன் பிடிக்கிறது’ என்று எழுதி வைத்துவிடுங்கள். எழுதாமல் விட்டால் அது அப்சர்வேஷனுக்குள் கரைந்துவிடும்.

பிடிக்காதவர்களுக்கும் இதைச் செய்யுங்கள். என் மகன் முதல் தடவை பார்த்தபோது ஸ்கைலர் வந்தாலே “வந்துட்டா” என்பான். உலகம் முழுக்க இப்படித்தான் இருந்திருக்கிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றியே கட்டுரை எழுதினார். ஸ்கைலர் மேல் கொட்டப்பட்ட வெறுப்பு தன் மேலும் வழிந்ததையும், அடங்கிப் போகாத மனைவியைப் பார்வையாளர்களால் பொறுக்க முடியவில்லை என்பதையும் எழுதினார். ஸ்கைலருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி அதே மூன்று பத்தியை நிரப்பிப் பாருங்கள். அவள் செய்த தப்பு உண்டு, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கியவள்தான். ஆனால் கணவன் எங்கே போகிறான் என்று கேட்டதை என் மகன் குற்றங்களில் எழுதி வைத்திருந்தான். நான் ரப்பரைக் கொடுத்தேன்.

இன்னொரு கலப்படம், வெளியான வினாத்தாள். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் பல பேட்டிகளில் தன் திட்டத்தைச் சொல்லியிருக்கிறார்: கதையின் முக்கியப் பாத்திரத்தையே கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பாத்திரமாக மாற்றுவது. அதைப் படித்துவிட்டு ‘படைத்தவரே வில்லன் என்கிறார்’ என்று முடிவு எழுதாதீர்கள். முந்தின பேட்ச் பையனின் உதட்டசைவுதான் அதுவும்.

பழுப்புப் புகை

அடர் கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கினால் நைட்ரேட்டும் செம்பழுப்பாகப் புகையும், புரோமைடும் செம்பழுப்பாகப் புகையும். புகையைப் பார்த்து எழுதுகிறவன் பாதி நேரம் தோற்பான். உறுதிச் சோதனை வேண்டும். பழுப்பு வளையம் வந்தால் நைட்ரேட்.

மூன்றாம் சீசனின் கடைசிக்கு முந்தின எபிசோடில் ஜெஸ்ஸி தனியாக இரண்டு ரவுடிகளை எதிர்த்து நடக்கிறான், சாவது நிச்சயம். எங்கிருந்தோ வால்டரின் கார் சீறி வந்து அந்த இருவரையும் அடித்துத் தூக்குகிறது. என் மகன் கைதட்டினான், நானும்தான். இது புகை. அடுத்த எபிசோடிலேயே, தன்னைக் கொன்றுவிட்டு கேல் என்ற வேதியியலாளரைத் தன் இடத்தில் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த கேலைக் கொல்ல வால்டர் அனுப்புவது யாரை? இப்போதுதான் காப்பாற்றிய அதே ஜெஸ்ஸியை.

எனக்குப் பழுப்பு வளையம் விழுந்தது நாலாம் சீசனில். ஜெஸ்ஸியின் தோழி ஆண்ட்ரியாவுக்கு பிராக் என்று சின்னப் பையன். திடீரென்று சாகக் கிடக்கிறான். வால்டரின் முதலாளியாக இருந்து எதிரியாகிவிட்ட போதை வியாபாரி கஸ் ஃப்ரிங்தான் விஷம் வைத்தான் என்று வால்டர் ஜெஸ்ஸியை நம்ப வைக்கிறார், அந்தக் கோபத்தை உபயோகித்து கஸ்ஸை ஒழிக்கிறார். பையன் பிழைத்துவிடுகிறான். சீசனின் கடைசிக் காட்சியில் கேமரா வால்டர் வீட்டுக் கொல்லைக்குப் போய், ஒரு தொட்டிச் செடியில் நிற்கிறது. லில்லி ஆஃப் தி வேலி. இதயத்தைத் தாக்கும் விஷம் உள்ள செடி.

இதை உறுதிச் சோதனை என்று நான் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கிரேஸி எய்ட் கையில் சில்லு இருந்தது. ஜேன் மிரட்டினாள். கேல் போட்டியாக வந்தவன். பிராக் எதுவுமே செய்யவில்லை. யார் தலையில் விடிந்தது என்ற பத்தியில், வால்டருக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒருவர், அதுவும் வால்டர் தானே தேர்ந்தெடுத்த ஒருவர் வருகிறாரா என்று பாருங்கள். வந்தால் அடிக்கோடு போடுங்கள். ஐந்தாம் சீசனில் இரண்டு நிமிடத்துக்குள் மூன்று சிறைகளில் பத்துப் பேர் கொல்லப்படுவதை எழுத எனக்கு ஒரு வரிதான் ஆனது. அதற்குள் வளையம் நன்றாகத் தெரிந்துவிட்டது.

பத்திகள் இடம் மாறும்போது

முடிவு தெரிந்துவிட்டது என்று நோட்டை மூடிவிடாதீர்கள். கடைசிக்கு இரண்டு எபிசோட் முன்னால் வால்டர் வீட்டுக்குப் போன் செய்கிறார். போலீஸ் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். ஸ்கைலரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார், எல்லாம் நானே கட்டியது, உனக்கு என்ன தெரியும் என்று கத்துகிறார். கத்தும்போது முகத்தில் கண்ணீர் வழிகிறது. அத்தனை திட்டும் அவளைக் குற்றமற்றவளாகப் போலீஸ் காதில் போட்டு வைப்பதற்கு. இதுவரை வாய் நல்லது பேசி கை கெட்டது செய்தது. இங்கே வாய் கெட்டது பேசி கை நல்லது செய்கிறது. எழுதுங்கள், இதையும் எழுதத்தான் வேண்டும். முந்தின வரிகளை இது அழிக்காது. தானே கடத்திக்கொண்டு போன தன் கைக்குழந்தையைத் தீயணைப்பு நிலையத்தில் பத்திரமாக விட்டதும் இப்படியே.

கடைசி எபிசோடில் ஸ்கைலரிடம், குடும்பத்துக்காக என்று மறுபடி ஆரம்பிப்பார் என்று அவள் முகம் சுளிக்கும்போது, எனக்காகத்தான் செய்தேன், பிடித்திருந்தது, நன்றாகச் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். சொன்னதும் செய்ததும் முதன்முறையாக ஒரே வரியில் வந்து நின்றது அங்கேதான். மகனுக்கு 97,20,000 டாலர் போய்ச் சேர வழி செய்கிறார். யார் மூலமாக? ஐந்தாவது எபிசோடில் யார் காசு வேண்டாம் என்றாரோ அந்த எலியட், கிரெட்சன் மூலமாக, துப்பாக்கி நம்மைக் குறி பார்க்கிறது என்று அவர்களை நடுங்க வைத்து.

ரிப்போர்ட்

எந்த உப்புக்கும் ரிப்போர்ட்டில் இரண்டு பாகம் எழுத வேண்டும், அமில உறுப்பு ஒன்று, கார உறுப்பு ஒன்று. ஒன்றை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான். நான் பேனாவில் எழுதியது: ‘கதைத் தலைவன். வில்லன்.’ நடுவில் ‘ஆனால்’ போடவில்லை. லெட் நைட்ரேட்டில் லெட்டுக்கும் நைட்ரேட்டுக்கும் நடுவே ஆனால் இல்லை.

எப்போதிலிருந்து வில்லன் என்பதில்தான் வீட்டில் இன்னும் ஒத்துப்போகவில்லை. மகன் நோட்டில் ‘ஜேன் கட்டிலருகில், கை பாதியில் நின்ற நொடி’ என்று இருக்கிறது. அதற்கு முன்னால் அவர் திரும்பியிருக்கலாம் என்கிறான். என் நோட்டில் ‘முதல் சீசன், ஐந்தாவது எபிசோட், கிரெட்சனின் போன்’. அதில் யாரும் சாகவில்லையே, ஒரு உதவியை மறுத்ததற்கா வில்லன் பட்டம் என்று சண்டைக்கு வருகிறான். அந்தப் போனுக்குப் பிறகு நடந்த எதற்கும் புற்றுநோய் காரணம் இல்லை என்பது என் பதில்.

பிசிக்ஸ் தோழி நாலோடு நிறுத்தியவள். விடை அவள் சொன்னதேதான் வந்தது என்று தெரிந்தால் ஒரு வாரம் என்னை விடமாட்டாள். ஆகவே இன்னும் சொல்லவில்லை, அடுத்த ஒரே ஒரு எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு வா என்றுதான் சொல்லியிருக்கிறேன்.